பட்டத்துக்கு முந்திய வேலை, பட்டத்துக்குப் பிந்திய காத்திருப்பு

இலங்கையின் அரச பல்கலைக்கழகம் ஒன்று விரிவுரையாளர் வெற்றிடத்துக்கு விளம்பரம் செய்யும்போது, ஒரே பதவிக்குப் பல படிகளை வரிசையாக எழுதுவது வழக்கம். மேலே சிரேஷ்ட விரிவுரையாளர் முதலாம் தரம், அடுத்து இரண்டாம் தரம், பிறகு விரிவுரையாளர், அடியில் தகுதிகாண் விரிவுரையாளர். கலாநிதிப் பட்டமும் ஆய்வு வெளியீடுகளும் உள்ளவர் மேற்படிகளுக்கு விண்ணப்பிக்கலாம். இளமாணிச் சிறப்புப் பட்டத்தோடு நிற்பவருக்கு அடிப்படி இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் அடைக்காத வாசல்தான். நடைமுறையில் அந்த இடத்தில் வந்து அமர்பவர் பெரும்பாலும் இருபதுகளின் நடுவில் உள்ள ஒரு பட்டதாரி. அதே துறையில் படித்தவர், முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ பெற்றவர், அங்கேயே ஓரிரு ஆண்டு தற்காலிக உதவி விரிவுரையாளராக இருந்தவர். கலாநிதிப் பட்டத்தை அவர் வேலையில் சேர்ந்த பிறகு எடுப்பார். அப்படியானால் அதை ஏற்கெனவே எடுத்து முடித்தவர் எங்கே போவது? போதிய பதவிகள் இல்லை என்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை. அந்த விடை பாதி உண்மை. பதவிகளின் தொகையைவிட, பதவியும் பட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒழுங்கே இங்கு பெரிய சிக்கல் என்பது இக்கட்டுரையின் வாதம். வேலை முதலில், பட்டம் பின்னர் என்று கட்டப்பட்ட முறைமைக்குள், பட்டத்தை முதலில் பெற்றவருக்கென்று ஒரு படி வைக்கப்படவேயில்லை.

அந்த ஒழுங்கு எப்படி இயங்குகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். தகுதிகாண் விரிவுரையாளர் குறித்த ஆண்டுகளுக்குள் ஆய்வுக்கூறுள்ள ஒரு முதுமாணியோ முதுதத்துவமாணியோ கலாநிதிப் பட்டமோ பெற்றால்தான் பதவியில் உறுதிப்படுத்தப்படுவார். அதற்காகச் சம்பளத்தோடு கற்கை விடுமுறை கிடைக்கும். பதிலுக்கு, திரும்பி வந்து இத்தனை ஆண்டு பணியாற்றுவேன் என்று பிணைமுறி எழுதிக் கொடுக்க வேண்டும். மேற்படிப்புக்கு அரசு வைத்திருக்கும் உதவிகளும் பெரும்பாலும் இந்த வாசலுக்கு உள்ளே நிற்பவர்களை நோக்கியே பாய்கின்றன. மனிதப்பண்பியல், சமூக விஞ்ஞானத் துறைகளுக்கென கொழும்பு வோட் பிளேசில் இயங்கும் உயர்கற்கைகளுக்கான தேசிய நிலையம் பல்கலைக்கழக ஆசிரியர்களின் கலாநிதி ஆய்வுக்கே நிதி வழங்கி வந்தது. 2017இல் உலக வங்கியின் 10 கோடி டொலரோடு தொடங்கிய உயர்கல்வி விரிவாக்கத் திட்டத்திலும் புலமைப்பரிசில்கள் ஏற்கெனவே ஊழியர் பட்டியலில் இருந்தோரை மனதில் வைத்தே வகுக்கப்பட்டன. ஒரு முரணையும் இங்கே கவனிக்கலாம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 12 மட்டங்கள் உள்ளன. கலாநிதிப் பட்டம் 12ஆம் மட்டம், சிறப்பு இளமாணி 6ஆம் மட்டம். ஆனாலும் விளம்பரம் முதலில் கேட்பது 6ஆம் மட்டத்தில் நீங்கள் எந்த வகுப்பில் சித்தியடைந்தீர்கள் என்பதைத்தான். 22 வயதில் எழுதிய இறுதிப் பரீட்சை ஒன்று, 35 வயதில் ஒருவர் செய்து முடித்த ஆய்வுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

இது யாரோ தவறாக வகுத்த ஒழுங்கு அல்ல. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோதும், 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாக ஆனபோதும் நாட்டுக்குள் கலாநிதிப் பயிற்சி என்று சொல்லத்தக்க ஏற்பாடு இருக்கவில்லை. கெட்டிக்கார மாணவரைப் பட்டம் முடித்த கையோடு உதவி விரிவுரையாளராக எடுத்து, இங்கிலாந்துக்கு அனுப்பி, திரும்ப அழைப்பதே அன்று இருந்த ஒரே வழி. தமிழுலகம் அதனால் அடைந்த பயன் சிறிதல்ல. பேராதனையில் முதல் வகுப்பில் தேறித் தினகரன் ஆசிரியராக இருந்த க. கைலாசபதி, விரிவுரையாளரான பிறகே பர்மிங்ஹாமுக்குப் போனார். ஜோர்ஜ் தொம்சனின் மேற்பார்வையில் அவர் செய்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட் வெளியீடாக வந்தது. வித்தியோதயாவில் விரிவுரையாளராக இருந்த கா. சிவத்தம்பியும் அதே பர்மிங்ஹாமில் 1970இல் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகம் பற்றிய ஆய்வை முடித்தார். வேலை முதலில் என்ற ஏற்பாடு இல்லாதிருந்தால் ஈழத்து இலக்கிய விமர்சனத்தின் வரலாறு வேறு மாதிரி இருந்திருக்கும். மறுதிசையில் வந்தவர் ஸ்டான்லி தம்பையா. 1954இல் கோர்னெலில் கலாநிதிப் பட்டத்தை முடித்துக்கொண்டு வந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 1960இல் தாய்லாந்தில் யுனெஸ்கோ பணிக்குப் போனார். பிறகு கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹார்வர்ட். அவர் போனதற்கு அக்காலத்து அரசியலும் காரணம், ஆகவே முறைமையின் மேல் மட்டும் பழியைப் போட முடியாது. ஆனால் உலக மானிடவியலில் பெரும் பெயராக நிற்கும் ஒருவரை நாடு வைத்திருந்தது ஐந்தாறு ஆண்டுகள்தான் என்ற கணக்கு மாறப் போவதில்லை.

அன்றைய நிலைமை இன்று இல்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பின் ஒவ்வொன்றாகப் பெருகிய அரச பல்கலைக்கழகங்கள், 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானதோடு மானியங்கள் ஆணைக்குழுவின் கீழ் 17 ஆகிவிட்டன. பட்டப்பின்படிப்பு நிறுவகங்கள் பேராதனையிலும் கொழும்பிலும் களனியிலும் இயங்குகின்றன. கலாநிதிப் பட்டத்துக்குப் பதிவுசெய்வோர் விரிவுரையாளர்கள் மட்டும் அல்லர். பாடசாலை ஆசிரியர்கள், கல்வி நிருவாக சேவையில் உள்ளோர், வங்கி அலுவலர்கள், தம் செலவில் இந்தியாவுக்குப் போய்ப் படித்துத் திரும்பியோர், வெளிநாட்டுப் புலமைப்பரிசிலில் எவருக்கும் பிணைமுறி எழுதாமல் படித்து முடித்தோர் என்று பட்டியல் நீள்கிறது. இவர்கள் கையில் இருப்பது கைலாசபதி காலத்தில் கற்பனை செய்யப்படாத ஒரு பொருள்: வேலைக்கு முன்னால் வந்த பட்டம். வெளிநாடுகளில் இவர்களுக்கென்று ஒரு நடுப்படி உண்டு. பட்டம் முடித்தவர் இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு பேராசிரியரின் குழுவிலோ ஒரு துறையிலோ சம்பளத்தோடு ஆய்வு செய்வார், ஒரு பாடத்தைக் கற்பிப்பார், ஆய்வேட்டை நூலாக்குவார். பேச்சில் நாம் போஸ்ட்டொக் என்று சொல்லும் அந்தப் படி இலங்கைப் பல்கலைக்கழகங்களின் ஆட்சேர்ப்பு ஏணியில் ஒரு பதவியாக இல்லை. விஞ்ஞானத்தில் ஆங்காங்கே விதிவிலக்குகள் உண்டு. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, தொடக்க காலத்தில் சிரில் பொன்னம்பெரும இயக்குநராக இருந்த ஹந்தானை அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் ஆய்வுக்கென்றே எழுந்தது. தேசிய விஞ்ஞான மன்றத்தின் மானியங்களில் ஆய்வு உதவியாளர்களை அமர்த்திக்கொள்ளலாம். இவை திட்டத்தோடு வந்து திட்டத்தோடு போகும் இடங்கள். கலைத்துறையாருக்கு அதுவும் இல்லை.

கொழும்பில் இருக்கும் தமிழ்க் கலாநிதி ஒருவர் இந்த இடைவெளியை எப்படி நிரப்புகிறார் என்று பார்த்தால் வேலைச்சந்தையின் உண்மை வடிவம் தெரியும். முதல் வழி வருகைதரு விரிவுரை. மணித்தியாலக் கணக்கில் கொடுப்பனவு. பரீட்சை விடைத்தாள் திருத்தும் காலத்தில் அதிக வேலை, விடுமுறைக் காலத்தில் வருமானமே இல்லை. பகிஷ்கரிப்பு வந்தால் அதுவும் இல்லை. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கேட்டு ஏறத்தாழ 100 நாள் நடத்திய வேலைநிறுத்தம் நியாயமான போராட்டந்தான். அப்படியான நாட்களில் மணித்தியாலக்காரருக்கு என்ன கிடைக்கும் என்பது வேறு கதை. இரண்டாவது, காலி வீதியின் இருமருங்கிலும் மலிந்துவிட்ட தனியார் பட்ட நிறுவனங்கள். வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில் இருந்து வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகப் பட்டங்களை நடத்தும் இன்ஃபொமற்றிக்ஸ் இன்ஸ்டிரியூட் ஒஃப் டெக்னோலஜி 1990இலேயே தொடங்கியது. மாலபேயிலும் ஹோமாகமவிலும் பின்னர் வந்தவை அளவில் பெரியவை. கணினி, முகாமைத்துவம், பொறியியல் படித்தவர்களுக்கு இவை நல்ல வேலைகளைத் தருகின்றன. வரலாறு, மெய்யியல், தமிழ் படித்தவர்களுக்கு அங்கே பாடமே இல்லை. மூன்றாவது வழி கொழும்புக்கே உரியது: பல்கலைக்கழகத்துக்கு வெளியே நிற்கும் ஆய்வு நிறுவனங்கள். 1972இல் மார்க்கா, 1977இல் சமூக விஞ்ஞானிகள் சங்கம், 1982இல் நீலன் திருச்செல்வம் முன்னின்று நிறுவிய இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம், பின்னர் கொள்கைக் கற்கைகள் நிறுவகம் என்று ஒரு வரிசை. நாட்டின் உண்மையான போஸ்ட்டொக் இடங்கள் இவைதான் என்று சொன்னால் மிகையாகாது. நல்ல சமூக ஆய்வுகளில் கணிசமான பங்கு பல்கலைக்கழகங்களில் அல்ல, இங்கேயே எழுதப்பட்டது. ஆனால் இங்கே ஆய்வுப் பொருளைத் தீர்மானிப்பதில் நிதி கொடுப்பவரின் கை ஓங்கியிருக்கும். அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டும். சங்க இலக்கியத்திலோ சைவசித்தாந்தத்திலோ கலாநிதிப் பட்டம் பெற்றவருக்கு மீள்குடியேற்றம் பற்றிய வினாக்கொத்தில் என்ன வேலை? வடக்கு கிழக்கில் நேர்காணல் எடுக்க மொழி தெரிந்தவர் என்ற அளவில் வேலை கிடைக்கலாம். எஞ்சியிருப்பது ரியூசன். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் உயர்தர வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியர் விரிவுரையாளரைவிடக் கூடுதலாக உழைக்க முடியும் என்பது இரகசியமல்ல. அதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. ஆய்வுக்கு நேரம் இல்லை, அவ்வளவுதான். அரச ஆசிரியர் சேவையில் இருந்துகொண்டே கலாநிதிப் பட்டம் எடுத்தோரும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். பாடசாலைக்கு அவர்களுடைய பட்டம் ஒரு பெருமை. நேர அட்டவணையில் அதற்காக ஒரு பாடவேளையும் குறையாது.

வெளிநாட்டுக்குப் போகலாமே என்பார்கள். போகிறார்கள். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியதும், 2023 ஜனவரியில் தனிநபர் வருமான வரி உயர்ந்ததும், ஏற்கெனவே பதவியில் இருந்த விரிவுரையாளர்களையே விமான நிலையத்துக்கு அனுப்பின. ஆனால் வெளிநாட்டு ஆய்வு நல்கைகளுக்குக் காலக்கெடு உண்டு என்பதை இங்கே பலர் கவனிப்பதில்லை. ஜேர்மனியின் ஹம்போல்ட் நிறுவனம் இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் நல்கைக்குப் பட்டம் பெற்று நான்கு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். நல்கைக்கு ஆறு ஆண்டுகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி நல்கைக்கு எட்டு ஆண்டுகள் என்று வைத்திருந்தார்கள். பிணைமுறி எழுதிய விரிவுரையாளரோ பட்டம் கிடைத்ததும் திரும்பி வந்து கடமையேற்க வேண்டும். அவருக்கு சபாட்டிக்கல் விடுமுறை வாய்க்கும் நேரத்தில் இந்த வாசல்களில் சில சாத்தப்பட்டிருக்கும். அதனால்தான் சிலர் திரும்பாமலே இருந்துவிடுகிறார்கள். பிணைமுறியை மீறியவர்களிடம் இருந்து அறவிட வேண்டிய தொகைகள் பற்றிக் கணக்காய்வு அறிக்கைகளிலும் பாராளுமன்றக் கோப் குழுவிலும் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. அதை ஒழுக்கக்கேடாக மட்டும் பார்ப்பது எளிது. ஆய்வாளரின் வாழ்க்கையில் மிகவும் விளைச்சலான மூன்று ஆண்டுகளை முறைமை எங்கே வைத்திருக்கிறது என்று கேட்பதே பயன் தரும். பிணைமுறி இல்லாத வெளியாளுக்கு வேறொரு தடை: நல்கை விண்ணப்பம் பரிந்துரையாளரையும் அண்மைய வெளியீட்டையும் கேட்கும், நிறுவனம் இல்லாதவருக்குச் சஞ்சிகைகள் வாசிக்கும் நூலக அனுமதிகூட இருக்காது. போதாக்குறைக்கு, 2025இலிருந்து அமெரிக்காவில் ஆய்வு மானியங்கள் வெட்டப்பட்டு, அங்குள்ள இடங்களும் சுருங்குகின்றன.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றுள் மிகவும் வலுவானது பழைய ஒழுங்கின் பயனைப் பற்றியது. இளமாணி முடித்தவரை உடனே எடுக்காவிட்டால் அவர் தனியார் துறைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார்; ஒலுவிலுக்கும் வந்தாறுமூலைக்கும் வவுனியாவுக்கும் கலாநிதிகள் தேடி வரப்போவதில்லை; அந்தப் பல்கலைக்கழகங்கள் தம் மாணவரை எடுத்துப் பயிற்றித்தான் நிமிர்ந்தன. இதை நான் மறுக்கவில்லை. போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தாக்குப்பிடித்து நின்றதற்கும் இதுவே ஒரு காரணம். ஆனால் ஒரு வாசலைத் திறப்பதற்கு இன்னொன்றை அடைக்க வேண்டியதில்லை. கலாநிதிப் பட்டம் இல்லாமல் யாரையும் எடுக்கக்கூடாது என்று விதிப்பதும் தீர்வாகாது. இந்தியா அந்தப் பரிசோதனையைச் செய்து பார்த்தது. 2018ஆம் ஆண்டு விதிமுறை பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பதவிக்குக் கலாநிதிப் பட்டத்தைக் கட்டாயமாக்கியது. நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப்போனது. 2023 ஜூலையில் நெட், செட் தகுதித் தேர்வே போதும் என்று திரும்பிவிட்டார்கள். தமிழ்நாட்டின் அரசு கலைக் கல்லூரிகளில் பட்டமும் நெட் தேர்ச்சியும் வைத்துக்கொண்டே கௌரவ விரிவுரையாளர்களாகக் காலங்கழிப்போர் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பட்டத்தைக் கட்டாயமாக்குவதால் பட்டங்கள் பெருகும், பதவி பெருகாது. இளம் பட்டதாரிகளை எடுக்கும் வழி இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில், பட்டம் பெற்ற எவரும், எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவராயினும், போட்டியிடக்கூடிய மூன்றாண்டு ஆய்வு விரிவுரையாளர் பதவிகள் சில வேண்டும் என்பதே கேட்கப்படுவது. ஒரு துறை தன் பழைய மாணவரைக் கொண்டே தன்னை நிரப்பிக்கொள்ளும் பழக்கத்துக்கு இது ஒரு சிறு மாற்றாகவும் இருக்கும். பேராசிரியரும் அவருடைய மாணவரும் அந்த மாணவரின் மாணவரும் ஒரே நடைவழியில் அறை வைத்திருக்கும் துறையில் கருத்து வேறுபாடு மரியாதைக் குறைவாகவே படும்.

இரண்டாவது எதிர்ப்பு வெளிநாட்டு அனுபவத்திலிருந்து வருகிறது; அதைச் சுலபமாக ஒதுக்க முடியாது. ஜப்பான் 1996இல் முதலாவது விஞ்ஞான தொழில்நுட்ப அடிப்படைத் திட்டத்தில் 10,000 போஸ்ட்டொக் இடங்களை உருவாக்கப் போவதாக அறிவித்து, சில ஆண்டுகளில் அந்த இலக்கை எட்டியும்விட்டது. நிரந்தரப் பதவிகள் அதற்கு ஈடாகப் பெருகவில்லை. நாற்பது வயதிலும் ஓராண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் கலாநிதிகள் அந்நாட்டின் சமூகப் பிரச்சினையாகவே ஆனார்கள். ஜேர்மனியில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு என்று தற்காலிக ஒப்பந்தங்களுக்கு எல்லை வகுத்தது. எல்லை முடிந்ததும் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. பலருக்குக் கதவு மூடியது. 2021இல் ‘நான் ஹன்னா’ என்ற பெயரில் அங்கே சமூக ஊடகங்களில் பொங்கிய எதிர்ப்பு அதன் விளைவு. நாமும் அந்தக் குழியில் விழ வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. இரண்டு நாடுகளும் செய்த பிழை இடைப்படியை உருவாக்கியது அல்ல என்பது என் விடை. மேற்படியைக் குறைத்துக்கொண்டே இடைப்படியை அகலமாக்கியதுதான் பிழை. இலங்கையின் நிலைமை இதற்கு நேர்மாறானது. இங்கே மேலே வெற்றிடங்கள் கிடக்கின்றன, நடுவில் படியே இல்லை. இடைப்படிப் பதவிகளின் தொகையை அந்தந்தத் துறையில் அடுத்த ஐந்தாண்டில் ஓய்வுபெறப் போகிறவர்களின் தொகையோடு கட்டிவிட்டால், அகலம் தானாகவே கட்டுக்குள் நிற்கும். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. பாதுகாப்பற்ற தற்காலிக உழைப்பு நமக்குப் புதிதல்ல. தற்காலிக உதவி விரிவுரையாளர், செய்துகாட்டுநர், வருகைதரு விரிவுரையாளர் என்று பல பெயர்களில் அது ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வு நேரமும் சேவைக்காலக் கணக்கும் அதற்கு இல்லை என்பதுதான் வித்தியாசம்.

பணம் எங்கே என்பது மூன்றாவது. ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் இலங்கை செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றியே பல்லாண்டுகளாக நிற்கிறது. இந்தியா 0.6 சதவீதத்துக்குச் சற்று மேல். தென்கொரியா 4 சதவீதத்துக்கும் மேல். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் ஒழுங்கு அங்கீகரிக்கப்பட்ட பிறகு, புதிய ஆளணிக்குத் திறைசேரியிடமும் முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்திடமும் அனுமதி பெறுவது முன்னையிலும் கடினம். ஆகவே புதிய பதவிகளைக் கேட்டுப் பயனில்லை. கேட்க வேண்டியது, ஆளில்லாமல் கிடக்கும் பதவிகளின் சம்பளத்தைக் குறித்த காலத்துக்கு இதற்குப் பயன்படுத்தும் அனுமதியை. கற்கை விடுமுறையில் ஒருவர் போகும்போது அவருடைய பாடங்களை இன்று மணித்தியாலக்காரர் இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்கிறார்கள். அந்த மூன்றாண்டுக்கு ஒரு கலாநிதியை முழுநேரமாக அமர்த்தினால் செலவு கூடும் என்பது உண்மை, ஆனால் ஆளணி கூடாது. மாணவருக்கு ஒரே ஆசிரியர் தொடர்ந்து கிடைப்பார். அவருக்கு வாரத்தில் இரண்டு நாளாவது நூலகம் கிடைக்கும்.

தமிழ்மொழி மூலத் துறைகளில் இந்த ஏற்பாடு இன்னொரு சிக்கலை எதிர்கொள்ளும்; அதை மறைத்துவிட்டுப் போக முடியாது. போட்டி வெளியீடுகளின் அடிப்படையில் நடக்கும் என்றால், எந்த வெளியீடு எண்ணப்படும்? விஞ்ஞானத் துறைகளுக்காக உருவான சர்வதேசச் சுட்டெண் அளவுகோலைத் தமிழியலுக்கும் பொருத்தினால், தமிழில் எழுதியவர் பூச்சியத்தோடு நேர்முகப் பரீட்சைக்குப் போக நேரும். அந்த அளவுகோலையே கைவிட்டால், தாமே அச்சிட்டுத் தாமே வெளியீட்டு விழா நடத்திய நூல்கள் மலையாகக் குவியும். இரண்டும் நடக்கக்கூடியவை. என் கருத்தில் இதற்கு எண்ணிக்கை தேவையில்லை, வாசிப்புத் தேவை. விண்ணப்பதாரர் தம் எழுத்துகளில் சிறந்தவை என்று கருதும் இரண்டை மட்டும் கொடுக்கட்டும்; அந்தத் துறைக்கு வெளியிலிருந்து, முடிந்தால் நாட்டுக்கு வெளியிலிருந்து, தமிழ் வாசிக்கத் தெரிந்த இருவர் அவற்றைப் படித்து எழுத்துமூலம் அபிப்பிராயம் கொடுக்கட்டும்; அந்த அபிப்பிராயம் விண்ணப்பதாரருக்கும் அனுப்பப்படட்டும். யாழ்ப்பாணம், கிழக்கு, வவுனியா, கொழும்புக் கலைப்பீடம் ஆகியவை சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு இடங்களை இப்படி நிரப்பிப் பார்ப்பதற்குப் புதிய சட்டம் தேவைப்படாது. ஆணைக்குழுவின் சுற்றறிக்கை ஒன்றும், தம் மாணவர் அல்லாத ஒருவரைத் துறைக்குள் அனுமதிக்கும் மனமும் தேவைப்படும். சுற்றறிக்கையைப் பெறுவதுதான் இலகுவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.